நியமனக் கடிதம் இல்லாமல் வேலை போனால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

என் சித்தியின் மகன் யாழ்ப்பாணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆறு வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன். சம்பளம் கைக்காசு. நியமனக் கடிதம் என்று ஒரு துண்டும் இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடை பூட்டும் நேரத்தில் முதலாளி, "தம்பி, திங்களிலிருந்து வரவேண்டாம், கணக்கைப் பிறகு பார்ப்போம்" என்றார். அன்றிரவு எனக்குத் தொலைபேசி எடுத்தபோது அவன் சொன்ன முதல் வசனம்: "அண்ணா, என்னட்ட ஒரு பேப்பரும் இல்லை. ஒண்டும் செய்ய ஏலாதுதானே?"

செய்யலாம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் அவனோடு அலைந்து அறிந்ததை வரிசையாக எழுதுகிறேன். இது இலங்கைச் சட்டத்துக்கு உரியது.

முதலில் மனதில் பதிய வேண்டியது

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 'வேலையாள்' யார் என்று சொல்லும்போது, ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும், வெளிப்படையாகப் பேசியதானாலும் நடத்தையால் விளங்கிக்கொள்ளக் கூடியதானாலும் அதன்கீழ் வேலை செய்பவர் வேலையாள்தான் என்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரும் அதற்குள் அடக்கம். ஆகவே, காலையில் கடை திறந்து, முதலாளி சொன்ன வேலையைச் செய்து, மாதம் முடியச் சம்பளம் வாங்கியிருந்தால் உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது.

இன்னொன்று. கடையிலோ அலுவலகத்திலோ ஒருவரைச் சேர்க்கும்போது, வேலை நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி முதலாளிக்குத்தான் இருக்கிறது. கடிதம் இல்லாதது உங்கள் பிழை அல்ல. அதற்காகக் கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள்.

படி 1: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். நியமனக் கடிதம் இல்லாததைவிட, நாமே எழுதிக் கொடுக்கும் விலகல் கடிதம் பத்து மடங்கு ஆபத்தானது. "சுகமில்லாதபடியால் நிற்கிறேன் என்று ஒரு வரி எழுதித் தா, இந்த மாதச் சம்பளத்தை இப்பவே தாறன்" என்பார்கள். வீட்டில் அரிசி இல்லாதபோது அந்த ஒரு வரி பெரிதாகத் தெரியாது. எழுதினால், உங்களை யாரும் நிறுத்தவில்லை, நீங்களாகவே போனீர்கள் என்று ஆகிவிடும்.

வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தை வாங்கலாம். பற்றுச்சீட்டில் 'இன்ன மாதச் சம்பளம்' என்று மட்டும் இருக்க வேண்டும். 'எல்லாக் கொடுப்பனவுகளும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதியிருந்தால் கையெழுத்து வேண்டாம். வெற்றுத்தாளிலும் வேண்டாம்.

படி 2: அடுத்த வேலைநாள் வழமைபோல் போங்கள்

நிறுத்தியதை முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயமான காரணத்துக்காக என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. "நான் நிறுத்தவில்லை, அவன்தான் வராமல் விட்டான்" என்று அவர் சொன்னால், நிறுத்தினார் என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இந்த இரண்டாவது பதிலைத்தான் அதிகமானோர் சொல்வார்கள். அதற்கு இடம் வைக்காமல் இருப்பதுதான் இனி வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆகவே திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கடை வாசலில் நில்லுங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. உள்ளே விடாவிட்டால் சண்டை வேண்டாம். நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில், வேலைக்குப் போனேன், உள்ளே விடவில்லை என்று ஒரு பதிவு போட்டு அதன் இலக்கத்தையும் திகதியையும் வாங்குங்கள். பொலிஸ் வேலையைத் திருப்பித் தராது. ஆனால் அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போனீர்கள் என்பதற்கு அது எழுத்துச் சாட்சி.

படி 3: பதிவுத் தபாலில் ஒரு கடிதம்

அன்றைக்கே அனுப்புங்கள். திட்டவோ கெஞ்சவோ வேண்டாம். என் தம்பிக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் உருவம் இது:

"ஐயா, நான் தங்கள் கடையில் ... ஆம் ஆண்டு ... மாதம் முதல் விற்பனையாளராக, மாதச் சம்பளம் ரூபா ... பெற்று வேலை செய்து வந்தேன். கடந்த சனிக்கிழமை பி.ப. 6.30 மணியளவில், திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாம் எனத் தாங்கள் வாய்மொழியாகக் கூறினீர்கள். இன்று மு.ப. 8.00 மணிக்கு வேலைக்குச் சமுகமளித்தபோது அனுமதிக்கப்படவில்லை. நான் வேலையை விட்டு விலகவில்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை நிறுத்தியிருப்பின் காரணத்தை எழுத்தில் தரவும். நிறுத்தவில்லையாயின் எப்போது வேலைக்கு வர வேண்டும் என அறியத் தரவும்."

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் முழுவதும் இந்தக் கடிதத்துக்குள் வந்துவிட்டதைப் பாருங்கள்: சேர்ந்த காலம், பதவி, சம்பளம். அவர் மறுத்துப் பதில் போடாவிட்டால், 'அப்போதே ஏன் மறுக்கவில்லை?' என்று பிறகு கேட்கலாம். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒன்றாகத் தைத்து வையுங்கள். கடிதம் ஏற்காமல் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

படி 4: ஆறு வருடத்தைத் தேடி எடுப்பது

"ஒரு பேப்பரும் இல்லை" என்றவனிடம் மூன்று நாள் தேடியதில் ஒரு கோப்பு நிறைந்தது. கடைக் காசை முதலாளியின் கணக்கில் வைப்பிலிட்ட வங்கித் துண்டுகளில் இவன் கையெழுத்து. சீமெந்து இறக்கியபோது லொறிக்காரர் கொடுத்த துண்டுகளிலும் இவன் கையெழுத்து. வட்ஸ்அப்பில், "நாளைக்கு வேளைக்கு வா, கம்பி வருது" என்ற முதலாளியின் செய்திகள். எனக்கு மிகவும் பிடித்தது வேறு: ஒவ்வொரு வருடமும் கடையில் வாணி விழாவுக்கு எடுத்த படங்கள். ஒரே கடை, பின்னால் கல்லாப்பெட்டி, ஒவ்வொரு வருடப் படத்திலும் இவன். ஆறு வருடச் சேவையை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

செய்திகளை அழிக்காதீர்கள், தொலைபேசியையும் மாற்றாதீர்கள். குரல் பதிவுகள் இருந்தால் வேறோரிடத்திலும் பிரதி வையுங்கள்.

சாட்சிக்கு இப்போதும் அங்கே வேலை செய்பவர்களை நெருக்க வேண்டாம். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. முன்பு அங்கே வேலை செய்து நின்றவர்கள், லொறிச் சாரதிகள், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், வழமையான வாடிக்கையாளர் ஆகியோரைக் கேளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி கட்டியிருந்தால் அங்கத்துவ இலக்கமே பெரிய ஆதாரம். கட்டாவிட்டால் அது தனி முறைப்பாடு. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும்: ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுவதும் முதலாளியின் காசு. மாதச் சம்பளம் 42,000 ரூபா என்றால் சேமலாப நிதிக்கு மாதம் 8,400, நம்பிக்கை நிதியத்துக்கு 1,260. ஆறு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

படி 5: எந்தக் கதவைத் தட்டுவது?

உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கு முதலில் போங்கள். நிலுவைச் சம்பளம், சேமலாப நிதி, பணிக்கொடை (நீண்ட சேவைக்காக வேலை முடியும்போது கிடைக்கும் தொகை) எல்லாவற்றுக்கும் அங்கே முறைப்பாடு எழுதலாம், தமிழில் எழுதலாம். முதலாளியையும் அழைத்து விசாரிப்பார்கள்.

வேலை நீக்கத்துக்கு வழி இரண்டு. எது உங்களுடையது என்பது உங்கள் வேலையிடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, நீங்கள் கடந்த 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருந்தால், வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உங்களைக் காக்கும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதியோ இல்லாமல் நிறுத்தினால், அந்த நீக்கம் செல்லாது. 'வியாபாரம் இல்லை' என்பதற்கும் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அதை எழுத்தில் தர வேண்டும்.

தம்பியின் கடையில் ஒன்பது பேர்தான். அப்படிப்பட்டவர்களுக்குத் தொழில் நியாய சபை, அதாவது வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் மன்றம். தாளில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல், நீதியும் ஒப்புரவும் எதுவோ அதன்படி கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. மீண்டும் வேலை, பின்சம்பளம், நட்டஈடு ஆகியவற்றைக் கேட்கலாம்.

வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். தொழில் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது, முதலாளி 'பார்ப்போம்' என்கிறார் என்று ஐந்தாம் மாதம் வரை இழுபட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கலண்டரில் மூன்றாம் மாத முடிவைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அதற்குள் தீராவிட்டால் விண்ணப்பம் போய்விட வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். தொழிற்சங்கம் மூலமும் போகலாம்.

படி 6: பணிக்கொடையை மறக்காதீர்கள்

ஐந்து வருடம் பூர்த்தியாகியிருந்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடங்களில், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். 42,000 வாங்கியவருக்கு ஆறு வருடத்துக்கு 1,26,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சிறிய கடை என்றால் இதையும் தொழில் நியாய சபை விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.

படி 7: தவணை நாட்கள்

தொழில் அலுவலகத்தில் முதலாளி எதிர்பார்த்தபடியே, "அவன் தானாக நின்றவன்" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. தபால் பற்றுச்சீட்டு தைத்த கடிதப் பிரதியை மேசையில் வைத்தான். அதிகாரி வாசித்துவிட்டு, "இதுக்கு ஏன் பதில் போடேல்லை?" என்று முதலாளியைக் கேட்டார். பேச்சு அதற்குப் பிறகுதான் காசைப் பற்றித் திரும்பியது.

ஒவ்வொரு தவணைக்கும் அரை மணி முன்னால் போங்கள். மூலப்பிரதிகளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். நீங்கள் வராத ஒரே நாளில் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு ஒருவரை அனுப்புங்கள். இடையில் வேறு வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள், எப்போது சேர்ந்தீர்கள், எவ்வளவு சம்பளம் என்பதைக் குறித்து வையுங்கள். அங்கே கேட்பார்கள்.