துருப்பிடித்த எம்ஜிபி காரை மீட்டெடுப்பது எப்படி

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தம் கையாலேயே சீரமைத்து ஓட்ட விரும்புகிறவர்களுக்கு எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபியைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் உருவாயின. அதனால் உதிரிபாகங்களுக்கு இன்றுவரை பஞ்சமில்லை. அதன் 1,798 சிசி எஞ்சின் எளிமையானது. பொறுமையும் ஒரு நல்ல ஸ்பேனர் செட்டும் உள்ள எவரும் அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளலாம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியது துருதான். ஆகவே இரண்டு காரியங்களைத் தொடக்கத்திலேயே வலியுறுத்த விரும்புகிறேன்: தகட்டு வேலை முடியும் வரை வேறெதிலும் பணம் போட வேண்டாம், வண்டியை வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரத்தில் எம்ஜிபி வைத்திருப்பவர்களைத் தேடிப் பழகிக்கொள்ளுங்கள்.

துரு எங்கே குடியேறுகிறது

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு. மேற்கூடு அரித்தாலும் சேசிஸ் வண்டியைத் தாங்கி நிற்கும். எம்ஜிபியில் அந்த வசதி இல்லை. மடித்த தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்து, அதாவது புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டி, உருவாக்கிய கூடுதான் வண்டியின் முழுப் பலமும். கூரையில்லாத ரோட்ஸ்டர் மாடலில் வண்டி நடுவில் வளையாமல் தாங்கும் பொறுப்பு, இரு கதவுகளுக்கும் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்னும் பெட்டிகளின் மீது விழுகிறது. வெளியில் தெரிவது வெளிச் சில் மட்டுமே. அதற்குள் செங்குத்தான நடுத்தகடும், உட்புறத்தில் உள் சில்லும், அடியில் காசில் ரெயில் என்று அழைக்கப்படும் தகடும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி அமைகிறது. இவற்றுள் ஒன்று அரித்துப் போனாலும் மற்றவற்றின் பலம் குறைந்துவிடும்.

முன் சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றைத் தடுக்க ஒரு தகடும் அதைச் சுற்றி ரப்பர் விளிம்பும் உண்டு. ரப்பர் வெடித்ததும் சேறு மட்கார்டுக்குள் புகுந்து, சில்லின் முன்முனையிலும் கதவுக் கீல் பொருத்திய தூணின் அடியிலும் தங்கிவிடும். குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு அந்தச் சேற்றில் கலந்திருப்பதால், அது மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். துருவின் கனஅளவு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பெரியது. எனவே இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் மடிப்புகளில் உண்டாகும் துரு அவற்றை நெம்பிப் பிரித்து, இன்னும் அதிகமான நீருக்கு வழிவிடுகிறது. பெயின்டில் சிறு கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

வாங்குவதற்கு முன் மனிதர்களைத் தேடுங்கள்

எம்ஜி கார் கிளப் 1930ஆம் ஆண்டிலும் எம்ஜி ஓனர்ஸ் கிளப் 1973ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. இரண்டுக்கும் நாடெங்கும் வட்டாரக் கிளைகள் உள்ளன. கிளை உறுப்பினர்கள் வழக்கமாக மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பப்பில் கூடுவார்கள். நாட்டர் என்று அந்தச் சந்திப்புகளைச் சொல்வது அங்கே வழக்கம். மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. காபியுடன் உட்கார்ந்து பேசுகிறவர்களும் அங்கே உண்டு. உறுப்பினராகச் சேருமுன் கிளைச் செயலாளருக்கு ஒரு வரி எழுதி, வண்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பதாகவும் ஒருமுறை வந்து பார்க்க விரும்புவதாகவும் சொன்னால், வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அரிது.

அங்கே போனதும் பொதுவாக விசாரிக்காதீர்கள். “இந்த வண்டி நல்லதா?” என்று கேட்டால் நல்லது என்ற பதில்தான் வரும். “சில்லை மாற்றியபோது முன் மட்கார்டைக் கழற்றினீர்களா? பின்முனையை எப்படி எட்டினீர்கள்?” என்று கேளுங்கள், வேலை தெரிந்தவர் உங்களைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் சென்று குனிந்து காட்டுவார். சரியாகச் செய்த ஒரு சில்லையும், கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கும் இடைவெளியையும் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால், மோசமான வண்டியை அடையாளம் காண்பது எளிது. பிறர் வண்டியைத் தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், சாய்ந்து நிற்காதீர்கள், பெல்ட் கொக்கியும் சட்டைப் பொத்தானும் பெயின்டைக் கீறிவிடும். இந்தச் சிறு மரியாதைகளைக் காப்பவரைத்தான் அவர்கள் அடுத்த முறை தம் வீட்டு ஷெட்டுக்கு அழைப்பார்கள். முடிந்தால், வண்டி பார்க்கப் போகும் நாளில் அவர்களில் ஒருவரை உடன் வரும்படி கேளுங்கள்.

பார்வையிடும்போது

ஒரு சிறு காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூ டிரைவர் ஆகிய மூன்றும் போதும். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் முன் மட்கார்டின் கீழ்ப் பின்மூலையிலும் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் ஓட்டையை நிரப்பி மறைக்கும் பட்டிதான் இருக்கிறது. ஆரம்பகால மாடல்களில் பானட் அலுமினியத்தால் ஆனது என்பதால் அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் பதற வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் தகட்டைக் குத்திப் பார்க்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். சில்லின் நடுவிலுள்ள ஜாக்கி முனையில் வண்டியைச் சற்றுத் தூக்கி, கதவு முன்போலவே திறந்து மூடுகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. கதவு இறுகினால் கூடு வளைகிறது என்று பொருள். இன்னும் மோசமான வண்டியில் ஜாக்கியே உள்ளே புகுந்துவிடும்.

இருக்கைகளுக்குப் பின்னால் தரையின் மூடியைத் திறந்தால் பேட்டரி வைக்கும் இடம் தெரியும். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் அதற்குப் பின் ஒரே 12 வோல்ட் பேட்டரியும் அங்கே இருந்தன. கசிந்த ஆசிட்டும் சாலையிலிருந்து தெறிக்கும் நீரும் சேர்ந்து அந்தப் பெட்டிகளை அரிப்பது மிகச் சாதாரணம். பின் ஸ்பிரிங்குகளின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தையும், தரைத்தகட்டின் ஓரங்களையும், டிக்கித் தரைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இடையே ஈரம் தங்கும் டேங்கின் மேற்பரப்பையும் விடாமல் பாருங்கள்.

அரித்த சில்லின் மேலேயே புதிய தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்துவிடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது சாலைத் தகுதிக்கான ஆண்டுப் பரிசோதனையில் தேறுவதற்கான தந்திரம். உள்ளே நடுத்தகடு அப்படியே அழுகிக்கொண்டிருக்கும். உண்மையான சில் மட்கார்டுகளுக்குப் பின்னால் இரு பக்கமும் நீண்டு செல்வது. முன் மட்கார்டு போல்ட்டில் மாட்டியது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டு வெல்டிங் செய்யப்பட்டது, அதன் கீழ்ப்பகுதியை வெட்டினால்தான் சில்லின் பின்முனையை எட்ட முடியும். முந்தைய உரிமையாளர் இவற்றைச் செய்தாரா என்று கேட்டு, புகைப்படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

எதுவுமே மிஞ்சாத வண்டிக்கும் வழியுண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல், பழைய அச்சுகளைப் பயன்படுத்தி எம்ஜிபியின் முழுக் கூட்டையும் புதிதாகத் தயாரித்து வருகிறது. சில், தரை, மட்கார்டு, பேட்டரிப் பெட்டி என எல்லாத் தகடுகளையும் மாற்ற வேண்டியிருந்தால், தனித்தனித் தகடுகளின் விலையையும் வெல்டிங் கூலியையும் கூட்டி, புதுக் கூட்டின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். புதுக் கூட்டின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாதிக்கு மேல் நல்ல தகடு எஞ்சியிருந்தால் பழையதைக் காப்பாற்றுவதையே நான் விரும்புவேன்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, போல்ட்டுகளைப் பெயர் எழுதிய தனிப் பைகளில் போடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இணைப்பையும் ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் துண்டித்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த தூசியை ஊதாமல், தகுந்த முகக்கவசத்துடன் வேலை செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

ரோட்ஸ்டரின் சில்லை வெட்டியதும் கூடு தொங்கிவிடும் அபாயம் உண்டு. வண்டியைச் சமதளத்தில், நான்கு ஸ்டாண்டுகளின் மேல், சஸ்பென்ஷன் எடை தாங்கும் நிலையிலேயே நிறுத்தி, கதவுத் திறப்பின் முன்தூணையும் பின்தூணையும் இணைக்கும் இரும்புக் குழாய் ஒன்றை, கதவு மூட இடம்விட்டு உட்புறமாகப் பொருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும். கதவைக் கழற்றி வைத்துவிட்டுச் சில்லை ஒட்டி முடித்து, கடைசியில் கதவு பொருந்தவில்லையே என்று தவிப்பவர்கள் பலர். கதவு கீலில் இருக்கட்டும். ஒவ்வொரு தகட்டையும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மூடிப் பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் டாக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டிங் புள்ளி) வையுங்கள்.

நடுத்தகடு, காசில் ரெயில், தரையின் ஓரம் என்று உள்ளிருந்து வெளியே வர வேண்டும். வெளிச் சில் கடைசி. வெளிச் சில்லை மூடுமுன் உட்பரப்புகளில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாக ப்ரைமரைப் பூசுங்கள், ஏனெனில் அந்த இடங்களைத் தூரிகையால் தொட இதுவே கடைசி வாய்ப்பு. 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் கொண்ட மிக் வெல்டிங் மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. ஒரே ஓட்டமாக ஒட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தொலைவில், நடுவில் ஆற விட்டு மீண்டும் ஒன்று என்று போக வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில், மேல்தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, அவற்றின் வழியே அடித்தகட்டோடு சேர்த்து நிரப்புவது பலத்திலும் தோற்றத்திலும் பழையதோடு ஒத்துப்போகும்.

வெல்டிங் தெரியாதவர்கள் இதைப் படித்துப் பின்வாங்க வேண்டாம். மாலை நேர வகுப்புகளில் கற்றுக்கொண்டு, வெட்டி எறிந்த பழைய தகடுகளில் பழகிவிட்டு, கண்ணில் படாத தரைத்தகட்டில் தொடங்கலாம். அல்லது இந்தப் பகுதியை மட்டும் தொழில்முறை வெல்டரிடம் ஒப்படைக்கலாம். யாரிடம் ஒப்படைப்பது என்பதை விளம்பரத்தைவிட உங்கள் கிளை உறுப்பினர்களின் வண்டிகளே நம்பகமாகச் சொல்லும்.

பிராக்கெட், கொக்கி போன்ற சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை போதும். சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால் துரு இளகி உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையில் வைத்தால் நச்சான குரோமியம் சேர்மம் கரைந்து வரும் என்பதால் அதைத் தவிருங்கள். ஹைட்ரஜன் வெளியேறுவதால் இதைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். அதே ஹைட்ரஜன் ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை நொறுங்கச் செய்யும் என்பதால் அவற்றுக்கு இம்முறை வேண்டாம். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த துரு மாற்றிகள், உறுதியான தகட்டின் குழிகளில் எஞ்சிய துருவுக்கு மட்டுமே. ஓட்டை விழுந்த தகட்டுக்கு அவற்றால் பயனில்லை.

வெல்டிங் முடிந்ததும் எபாக்சி ப்ரைமர், மடிப்புகளில் சீலர், அடிப்பகுதியில் கல் தெறிப்பைத் தாங்கும் பூச்சு, பிறகு பெயின்ட். சில்லின் உட்குழிக்குள் நீண்ட குழாய் வழியே மெழுகைப் பீய்ச்சுவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை, ஏனெனில் மெழுகு போட்ட இடத்தில் பிறகு வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். மெழுகு வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களும் காப்பீடும்

வேலை நடக்கும் காலத்தில் வண்டி சாலையில் இல்லை என்று அரசுக்கு அறிவிக்க வேண்டும். 40 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு விண்ணப்பித்தால் சாலை வரி இல்லை. 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் சில்லை மாற்றிய வண்டியை நானாக இருந்தால் பரிசோதனைக்குக் கொண்டுபோவேன். வெல்டிங்கை இன்னொரு பயிற்சி பெற்ற கண் பார்ப்பது நல்லது. காப்பீட்டை, நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வண்டி மதிப்பின் பேரில் எடுங்கள். அதற்கான மதிப்பீட்டுக் கடிதத்தை கிளப் தரும், நீங்கள் எடுத்த படங்கள் அதற்குத் துணைநிற்கும். வண்டி எந்த நாளில், எந்த நிறத்தில் உருவானது என்பதை அறிய கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் பெறலாம்.

ஓட்டத் தொடங்கிய பின்

வண்டி முழுமையாகும் வரை காத்திராமல், நடுவேலையின் படங்களோடு மாதச் சந்திப்புகளுக்குத் தொடர்ந்து போங்கள். இன்னொருவர் மட்கார்டு பொருத்தும் நாளில் ஒரு முனையைப் பிடிக்கப் போங்கள். மிஞ்சிய தகடுகளையும், ஒருமுறை மட்டுமே தேவைப்படும் ஸ்பிரிங் கம்ப்ரெசர் போன்ற கருவிகளையும் கைமாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வரும் டிரைவ் இட் டே, 1900ஆம் ஆண்டின் ஆயிரம் மைல் ஓட்டத்தை நினைவுகூரும் நாள்; நாடெங்கும் பழைய வண்டிகள் சாலைக்கு வரும் அந்த ஞாயிறு, கிளையினரோடு சேர்ந்து முதல் நீண்ட பயணம் போக ஏற்றது. செப்டம்பரில் பியூலியில் நடக்கும் பெரும் உதிரிபாகச் சந்தைக்குத் தனியாகப் போவதைவிட, அசல் பாகத்துக்கும் மட்டமான நகலுக்கும் வேறுபாடு தெரிந்த ஒருவரோடு போங்கள்.

உப்புச் சாலையில் ஓட்ட நேர்ந்தால், திரும்பியதும் சக்கர வளைவுகளின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இலையுதிர்காலத்தில் ஹீட்டர் காற்றுப்பெட்டியின் வடிகுழாயில் அடைத்த இலைகளை நீக்குங்கள். தடுப்புத் தகட்டின் ரப்பரை ஆண்டுதோறும் பாருங்கள். வெடித்திருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.