துணிக் கயிறு பிரிந்துபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கீற்றுகளாக்கிக் கயிறு திரிக்கத் தொடங்குவோர் பலருக்கும் முதலில் நேர்வது ஏமாற்றம்தான்: கையை எடுத்தவுடன் கயிறு பிரிந்து, கசங்கிய துணியாகிவிடும். பிடி தளர்ந்ததே காரணம் என்று எண்ணி இன்னும் இறுக்கமாக முறுக்குவார்கள். அதனால் பயன் இல்லை. முறுக்கின் திசையில்தான் தவறு இருக்கிறது.

இரண்டு புரிகளையும், அதாவது கயிறாகச் சேரும் இரண்டு துணித் திரிகளையும், தனித்தனியே ஒரே பக்கமாக, வலப்புறம் என்று வைத்துக்கொள்வோம், முறுக்க வேண்டும். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அதற்கு எதிர்ப்புறமாக, அதாவது இடப்புறமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும்போது கயிற்றின் சுற்று மேலும் இறுகுகிறது. கயிறு அவிழ முயன்றால் புரிகளின் முறுக்கு அதைத் தடுக்கிறது. இந்த எதிரெதிர் இழுப்பே கயிற்றைக் கட்டிக் காக்கிறது. புரிகளை முறுக்கிய திசையிலேயே அவற்றைச் சேர்த்தும் சுற்றினால், எவ்வளவு வலிமையாக இழுத்துச் செய்தாலும் கயிறு நிற்காது.

அடுத்த தவறு, கீற்றைச் சரிபாதியாக மடித்துத் தொடங்குவது. அப்படிச் செய்தால் இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் தீர்ந்துபோய், இரண்டு இணைப்புகளும் அருகருகே விழும். கயிறு அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மூன்றில் ஒரு பங்கு அளவில் மடித்துத் தொடங்கினால் இணைப்புகள் விலகி அமையும். புதிய கீற்றை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதையும் தவிர்க்கலாம், ஏனெனில் முடிச்சு புடைத்து நின்று பின்னால் தையல் ஊசியை ஒடிக்கக்கூடும். பழைய நுனியின்மேல் நான்கைந்து சென்டிமீட்டர் படியும்படி புதிய கீற்றை வைத்துச் சேர்த்து முறுக்கினாலே போதும்.

கனமான துணியையும் மெல்லிய துணியையும் ஒரே அகலத்தில் வெட்டுவது கண்ணுக்கு எளிதில் படாத பிழை. தடித்த புரி வளையாமல் நேராக நிற்க, மெல்லிய புரி அதன்மேல் கொடிபோலச் சுற்றிக்கொள்ளும். அது பார்வைக்குக் கயிறாகத் தோன்றினாலும் உறுதியானதன்று. மெல்லிய பருத்தியை 3 சென்டிமீட்டர் அகலத்திலும் தடித்த துணியை அதில் பாதி அகலத்திலும் வெட்டி, முறுக்கியபின் இரண்டின் பருமனும் ஒத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதே நல்லது. பின்னலாடைத் துணியானால் வெட்டிய கீற்றை ஒருமுறை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செய்த பொருள் பயன்பாட்டில் நீண்டு தொய்ந்துவிடும். சாயம் போகும் துணியையும் சுருங்கும் துணியையும் வெட்டுவதற்கு முன்பே அலசிக் காயவைப்பது நலம்.

கயிற்றைச் சுருளாக வைத்துத் தையல் இயந்திரத்தில் தைக்கும்போது நேர்த்தையல் போடுவதால் பல கூடைகள் கெடுகின்றன. ஊசி இருபுறமும் மாறி மாறி இறங்கும் ஜிக்ஜாக் தையல்தான் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளையும் பிடிக்கும். தையலின் அகலம் போதாவிட்டால் சுற்றுகளுக்கிடையே இடைவெளி விழும். 16ஆம் எண் ஊசி இதற்கு ஏற்றது. தட்டையான அடிப்பகுதி வேண்டுமானால் கயிற்றை இழுத்துப் பிடிக்காமல், மேசைமேல் படிந்தபடியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். இழுத்தால் ஓரம் குறுகி, தட்டு கிண்ணமாக எழும்பிவிடும். கூடையின் பக்கங்களை எழுப்பும்போது மட்டுமே அடிப்பகுதியைச் சாய்த்துப் பிடிப்பது வழக்கம்.

சூடான பாத்திரத்தின் அடியில் வைப்பதற்கான தட்டில் பாலியெஸ்டர் கலந்த துணியைச் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அந்த இழை சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய வெறும் இரும்புக் கல்லின் சூடு அந்த அளவை எட்டக்கூடியது. எந்த இழை என்று தெரியாதபோது ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

கூடைக்கும் கால்மிதிக்கும் போதுமான இந்தக் கயிற்றை ஊஞ்சலுக்கோ, தலைக்கு மேல் கனமான தொட்டியைத் தொங்கவிடவோ பயன்படுத்தக் கூடாது. கீற்றுகளின் இணைப்புகள் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தொடர்ந்து எடை இழுத்தால் அவை மெல்ல நழுவுவது வெளியே தெரியாது.