ஹெலிபோர்டில் ஸ்வைப் டைப்பிங்: ஏற்றுவது எப்படி, எதை விட்டுக்கொடுக்கிறோம்

கூகுளின் கீபோர்டான ஜிபோர்டை விட்டு வெளியே வர நினைக்கும் பலரைத் திரும்ப இழுத்துப் பிடிப்பது ஒரே ஒரு வசதிதான்: ஸ்வைப். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டாமல், விரலைத் தூக்காமல் இழுத்து ஒரு சொல்லை முடிப்பது. பழகிய கைக்கு அது இல்லாவிட்டால் கீபோர்டே பாதி செத்த மாதிரி இருக்கும். என் போனில் இப்போது ஓடுவது ஹெலிபோர்டு என்ற திறந்த மூலக் கீபோர்டு. ஸ்வைப் ஜிபோர்டில் இருந்த அளவுக்கே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்காக ஒரு மூடிய மூலக் கோப்பை, அதாவது மூலநிரலை வெளியார் படிக்க முடியாத கோப்பை, கையால் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றும் வழியை முதலில் எழுதுகிறேன். அப்புறம் உரிமத் தகராறு. இரண்டாவது பகுதி வேண்டாம் என்பவர்கள் படி 4 முடிந்ததும் போய்விடலாம்.

இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும். எஃப்-ட்ராய்ட் என்றால் என்ன, ஏபிகே நிறுவுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நிறுவுதல்

எஃப்-ட்ராய்டில் ஹெலிபோர்டைத் தேடி நிறுவுங்கள். திறந்ததும் கீபோர்டை இயக்கச் சொல்லும். இயக்கும்போது, கடவுச்சொல் உட்பட நீங்கள் தட்டும் எல்லாவற்றையும் இந்த ஆப் சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கை காட்டும். பயந்து திரும்பிவிடாதீர்கள். வெளியிலிருந்து எந்தக் கீபோர்டைப் போட்டாலும் இதே வாசகம்தான் வரும். ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்பதில்லை. ஆப் விவரத்தில் அனுமதிகள் பட்டியலைப் பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். இந்த விஷயம் பின்னால் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அகராதி

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. அகராதி இல்லாத மொழியில் ஸ்வைப் வேலை செய்யாது. விரல் போன பாதையை எந்தெந்தச் சொற்களோடு ஒப்பிடுவது என்று கீபோர்டுக்குத் தெரிய வேண்டுமே! சில மொழிகளின் அகராதி ஆப்புடன் வருகிறது. மற்றவற்றை நாமே இறக்கி ஏற்ற வேண்டும். ஆப்புக்கு இணையம் இல்லாததால் தானாக இறக்கிக்கொள்ளாது. இணைப்பை மட்டும் காட்டும், அது உலாவியில் திறக்கும். அமெரிக்க ஆங்கிலத்தில் தொடங்குங்கள். அது ஓடிய பிறகு மற்ற மொழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் நான்கு மொழியைச் சேர்த்துவிட்டு எது ஓடவில்லை என்று தேடுவது வீண் வேலை.

படி 3: லைப்ரரியை ஏற்றுதல்

சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

ஏன் இந்தப் படியே தேவைப்படுகிறது? ஆண்ட்ராய்டின் திறந்த மூலத் தொகுப்பில் லாட்டின் ஐஎம்இ என்றொரு கீபோர்டு உண்டு, அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமத்தில். அதைக் கிளை பிரித்து (மூலநிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக வளர்த்து) உருவானது ஓபன்போர்டு. ஓபன்போர்டிலிருந்து கிளைத்தது ஹெலிபோர்டு. 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 வந்தபோது கூகுள் தன் கீபோர்டில் ஸ்வைப்பைச் சேர்த்தது. திரையில் விரல் போன கோட்டை வரைவது, அமைப்புகள், சொல்லை முன்கூட்டிக் காட்டுவது எல்லாம் திறந்த மூலத்திலும் வந்தன. ஆனால் கோட்டைச் சொல்லாக மாற்றும் மூளைப் பகுதி மட்டும் வரவில்லை. அதைக் கூகுள் தனி லைப்ரரியாக (ஆப் தனக்குள் சேர்த்து ஓட்டும் நிரல் கோப்பு) மூடி வைத்துக்கொண்டது. திறந்த நிரலில் அது வந்து பொருந்த வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது, பல்பு இல்லாத ஹோல்டர் போல. நாம் செய்யப்போவது அந்தப் பல்பை மாட்டுவதுதான்.

ஹெலிபோர்டு அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். 'லோட் ஜெஸ்சர் டைப்பிங் லைப்ரரி' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டியவுடன் கோப்பைத் தேட ஓடாதீர்கள். அந்தப் பெட்டியில் உங்கள் போனுக்கு எந்த வகை லைப்ரரி வேண்டும் என்று எழுதியிருக்கும்: பெரும்பாலும் ஆர்ம்64-வி8ஏ (64 பிட்), சில போன்களில் ஆர்ம்இஏபிஐ-வி7ஏ (32 பிட்). அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'என் போன் 64 பிட், கடைக்காரரே சொன்னார்' என்பதெல்லாம் இங்கே எடுபடாது. விலை குறைந்த பல போன்களில் சிப் 64 பிட்டாக இருக்கும், உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்டாக இருக்கும். லைப்ரரி பொருந்த வேண்டியது ஆண்ட்ராய்டோடு. வகை மாறினால் ஸ்வைப் செய்யும்போது கீபோர்டு அப்படியே மூடிக்கொள்ளும்.

கோப்பு எங்கே கிடைக்கும்? கஸ்டம் ரோம் (போனோடு வந்ததற்குப் பதிலாக வேறொரு ஆண்ட்ராய்டு) போடுகிறவர்கள் பயன்படுத்தும் கூகுள் ஆப்ஸ் தொகுப்புகளுக்குள் இருக்கிறது. ஹெலிபோர்டின் திட்டப் பக்கத்திலும் இதைப் பற்றிய குறிப்பு உண்டு, அங்கிருந்தே தொடங்குங்கள். கோப்பின் பெயர் 'லாட்டின்ஐஎம்இகூகுள்' என்று முடியும், நீட்டிப்பு எஸ்ஓ. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், டெலிகிராம் குழுவில் கிடைத்தது என்று எதையும் ஏற்றாதீர்கள். நீங்கள் ஏற்றுவது படமோ எழுத்துருவோ இல்லை, கீபோர்டுக்குள் ஓடப்போகும் நிரல். ஹெலிபோர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த லைப்ரரிகளின் செக்சம் (கோப்பின் கைரேகை போன்ற எண்) அதனிடம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் கோப்பு அதோடு பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுங்கள். 'பரவாயில்லை' என்று தட்டுவதற்கு இது இடமில்லை.

சரியான கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் கீபோர்டு தன்னை மூடித் திரும்பத் திறக்கும். கிராஷ் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் செய்யும். லைப்ரரி உட்கார்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி: அமைப்புகளில் ஜெஸ்சர் டைப்பிங் என்று புதிய பகுதி முளைத்திருக்கும். முளைக்காவிட்டால் ஏறவில்லை.

பின்னால் மனம் மாறினால் அதே பெட்டியில் லைப்ரரியை நீக்கும் பொத்தானும் இருக்கிறது.

படி 4: சரிசெய்தல்

ஜெஸ்சர் டைப்பிங் பகுதியில் இயக்குங்கள். மிதக்கும் முன்னோட்டத்தை (இழுக்கும்போதே விரலருகே சொல்லைக் காட்டுவது) நான் அணைத்து வைத்திருக்கிறேன், கண்ணை உறுத்துகிறது. ஃப்ரேஸ் ஜெஸ்சரை மட்டும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். ஒரு சொல்லை முடித்து விரலைத் தூக்காமல் ஸ்பேஸ் பட்டை வழியாக அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

நீளமான சொற்களை ஸ்வைப் செய்யுங்கள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்களைத் தட்டிவிடுங்கள். குறுகிய சொற்களின் கோடுகள் ஒன்றுபோலவே இருக்கும், எந்தக் கீபோர்டும் அங்கே தடுமாறும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் 'என்ன பண்ற' என்று இழுத்தால் ஆங்கிலச் சொல்தான் வந்து விழும். அடிக்கடி எழுதும் சொற்களைத் தனிப்பட்ட அகராதியில் சேர்த்துக்கொண்டே போனால் மெல்ல வழிக்கு வரும்.

இனி உரிமம்

ஹெலிபோர்டின் உரிமம் ஜிபிஎல் 3: நிரலைப் பரப்புகிறவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதற்குள் கூகுளின் மூடிய லைப்ரரியை மாட்டுவது உரிம மீறல் இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜிபிஎல் நிபந்தனை போடுவது விநியோகத்துக்கு. உங்கள் போனில் நீங்களே இரண்டையும் சேர்த்து ஓட்டுவதற்கு அது குறுக்கே நிற்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே ஏபிகேயாகப் பரப்பினால்தான் வம்பு. அதனால்தான் ஹெலிபோர்டு லைப்ரரியைத் தன்னோடு தராமல் உங்களையே ஏற்றச் சொல்கிறது. கூகுள் பக்கமும் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் பரப்பலாம் என்று அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே கோப்பு வந்த வழி சுத்தமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

தனியுரிமை வேறு, சுதந்திரம் வேறு. இந்த விவாதங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். மூடிய லைப்ரரி ஹெலிபோர்டுக்குள், ஹெலிபோர்டின் அனுமதிகளோடுதான் ஓடுகிறது. அந்த ஆப்புக்கு இணையம் இல்லை என்றால் லைப்ரரியும் நேரடியாக இணையத்தைத் தொட முடியாது. தனியுரிமைக்காக ஜிபோர்டை விடுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிரலைப் படிக்க முடியாது, திருத்த முடியாது, நாளை ஒரு புதிய ஆண்ட்ராய்டில் ஓடாமல் போனால் சரிசெய்ய ஆளில்லை. கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்பவருக்கு இது தோல்விதான்.

அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. இந்த வசதியைப் பிரபலமாக்கிய ஸ்வைப் (Swype) என்ற கீபோர்டு 2009இல் சாம்சங் ஆம்னியா 2 போனில் வந்தது. 2011இல் நுவான்ஸ் நிறுவனம் அதை வாங்கியது, 2018இல் நிறுத்தியது. மூலநிரல் மூடியிருந்ததால் எடுத்து நடத்த யாருக்கும் வழியில்லை. ஓபன்போர்டில் வேலை தேங்கியபோது என்ன ஆனது? இன்னொருவர் கிளை பிரித்துத் தொடர்ந்தார், அதுதான் உங்கள் போனில் இப்போது இருக்கிறது.

இன்னொரு பக்கம் ஃப்யூட்டோ கீபோர்டு. அதில் ஸ்வைப் உள்ளேயே வருகிறது, எதையும் ஏற்ற வேண்டாம். ஃப்யூட்டோ நிறுவனமே எழுதிய ஸ்வைப் நிரல், மூலநிரலும் பார்க்கக் கிடைக்கிறது. பிறகு தகராறு எதற்கு? அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. பிறருக்குப் பரப்பும் பிரதியில் பணம் கேட்கும் பகுதியை நீக்கவோ மறைக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. திறந்த மூலம் எது என்று வரையறுக்கும் ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது. ஆகவே இது திறந்த மூலம் ஆகாது. ஃப்யூட்டோவும் இப்போது தன் உரிமத்தை 'சோர்ஸ் ஃபர்ஸ்ட்' என்றே அழைக்கிறது. எஃப்-ட்ராய்டின் மையக் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காது, ஃப்யூட்டோவின் தனிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், மூலநிரலைக் காட்டுவதும் காசு கேட்பதும் தப்பே இல்லை. கிளை பிரித்து எதற்கும் பயன்படுத்தும் உரிமை இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

முழுக்கக் கட்டற்றதாக ஸ்வைப் வேண்டுமென்றால் ஃப்ளோரிஸ்போர்டு. அப்பாச்சி 2.0. ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் போக வேண்டிய சிறந்த பாதையைக் கணக்கிட்டு, நீங்கள் இழுத்த கோட்டோடு ஒப்பிடும் முறை. துல்லியம் கூகுள் லைப்ரரியைவிடக் குறைவுதான். பொறுமை உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

பிற்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

'வங்கி ஆப்பில் ஸ்வைப் ஓடவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடவுச்சொல் பெட்டியில் ஸ்வைப் தானாகவே அணைந்துவிடும், அது கோளாறு இல்லை. கடவுச்சொல் அகராதியில் இருக்கக் கூடாதே.

'தமிழ்99 இருக்கிறதா?' அந்தத் தமிழ் விசை அமைப்புதான் முக்கியம் என்றால் இண்டிக் கீபோர்டைப் போடுங்கள். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரோடு தொடர்புடையது, அதுவும் லாட்டின் ஐஎம்இ வழி வந்ததுதான். நான் இரண்டையும் வைத்துக்கொண்டு ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்து மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது எனக்குத் தோன்றாத கோணம். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு வாசகருக்கு லைப்ரரி, அகராதி எல்லாம் சரியாக ஏறியும் ஸ்வைப் வரவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கில் தொட்டு அறியும் வசதி இயங்கும்போது லாட்டின் ஐஎம்இ ஸ்வைப்பை அணைத்துவிடுகிறது, அதன் நிரலிலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். டாக்பேக்கை நிறுத்தினால் ஸ்வைப் வரும். ஆனால் அவருக்கு அது ஒரு வழியே இல்லை. ஹெலிபோர்டின் கோளாறுப் பட்டியலில் பதியச் சொல்லியிருக்கிறேன்.