பழைய மாநாட்டு விண்ணப்பங்களை ஒரு மாநிலம் திரும்பப் பெறுவது எப்படி

அமெரிக்க அரசமைப்பின் 5-ஆம் பிரிவுப்படி 34 மாநிலங்கள் கேட்டுவிட்டால், அரசமைப்புத் திருத்தங்களை முன்மொழியும் மாநாட்டைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கூட்டியாக வேண்டும். விண்ணப்பம் எத்தனை ஆண்டுக்குச் செல்லும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. 1789-இல் நியூயார்க் அனுப்பியதையும் கணக்கில் சேர்க்கலாம் என வாதிட்டவர்கள் உண்டு. அதனால் பழையதைக் கிடக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

முதல் வேலை தேடல். மாநிலத்தின் தீர்மானத் தொகுதிகள், இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகள், காங்கிரஸ் நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரி, அதாவது கிளார்க்கின் இணையப் பட்டியல் உதவும். அதை மட்டும் நம்பினால் பழையவை விடுபடும்.

அடுத்தது வாசகம். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தெரிந்த விண்ணப்பங்களை மட்டும் பட்டியலிட்டால், கண்ணில் படாத ஒன்று உயிரோடு இருக்கும். இப்படி எழுதுங்கள்: "இச்சட்டமன்றம் எந்தக் கூட்டத்தொடரில், எந்தப் பொருள் குறித்து அனுப்பியிருந்தாலும், 5-ஆம் பிரிவு மாநாடு கோரும் எல்லா விண்ணப்பங்களும் இதனால் ரத்தாகின்றன." பட்டியல் இதற்குப் பின், "இவை உட்பட" என்று வரட்டும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால் அதைத் தேதியோடு விலக்காகச் சொல்லுங்கள். டெலவேர் 2016-இலும், மேரிலாந்து, நியூ மெக்சிகோ, நெவாடா 2017-இலும் ஒட்டுமொத்தமாகவே திரும்பப் பெற்றன. மேரிலாந்து ரத்து செய்தவற்றில் சமநிலை பட்ஜெட்டுக்காக 1975-இல் கேட்டதும் ஒன்று.

இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது அவை ஒரு சொல்லை மாற்றினாலும் தீர்மானம் முதல் அவைக்குத் திரும்பும். கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது, சீக்கிரமே கொண்டுவாருங்கள். 5-ஆம் பிரிவு சட்டமன்றத்தை மட்டுமே சொல்வதால், ஆளுநருக்குப் போகாத தீர்மான வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிறைவேறியதோடு வேலை முடியாது. யார் அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அது கோப்பிலேயே தங்கிவிடும். சான்றளித்த நகல்கள் துணைக் குடியரசுத் தலைவர், செனட் செயலர், சபாநாயகர், பிரதிநிதிகள் அவை கிளார்க், மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகட்டும். நீதித்துறைக் குழுக்களுக்கு அனுப்பும்படியும், முழுவாசகத்தை காங்கிரஷனல் ரெக்கார்டில் அச்சிடும்படியும் கேளுங்கள். செனட் பகுதியில் முழுவாசகம் வரும், கீழவைப் பகுதியில் பெரும்பாலும் சுருக்கம்தான். வரவில்லையென்றால் மீண்டும் அனுப்புங்கள்.

திரும்பப் பெறுவது செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றம் தீர்த்துவைக்கவில்லை. 14-ஆவது திருத்தத்துக்குத் தந்த ஒப்புதலை ஒஹாயோவும் நியூ ஜெர்சியும் 1868-இல் திரும்பப் பெற்றன. காங்கிரஸ் அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்தது. அது ஒப்புதல், இது விண்ணப்பம் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் எண்ணிக்கை 34-ஐத் தொட்ட பிறகு யாரும் இந்த வாதத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

அடுத்த சட்டமன்றம் மறுபடி விண்ணப்பிக்கலாம். 2001-இல் திரும்பப் பெற்ற யூட்டா 2015-இல் திரும்பவும் கேட்டது. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் புதிய தீர்மானப் பட்டியலில் "5-ஆம் பிரிவு" என்று தேடிப் பாருங்கள்.