ஒரே டிஸ்ப்ளே டிரைவர், நாலு போர்டு: ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து எழுதாம இருக்க

போன தடைக்காலத்துல 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில நின்னுச்சுல்ல, அப்ப ஒரு போட் ஓனர் அண்ணன் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல இருக்குற நம்ம கடைக்கு வந்து "தம்பி, பேட்டரி எவ்ளோ இருக்குன்னு கேபின்லயே தெரியுற மாதிரி சின்னதா ஒரு பொட்டி செஞ்சு குடேன்"னாரு. ஆர்டுயினோ யூனோ போர்டு ஒண்ணும் 0.96 இன்ச் ஓஎல்இடி டிஸ்ப்ளே ஒண்ணும் கிடந்துச்சு, ரெண்டு நாள்ல முடிச்சிட்டேன். அப்புறம் "இது போன்லயும் தெரியணும்"னாரு, சரின்னு இஎஸ்பி32-க்கு மாறுனா பழைய கோடு ஒரு வரி கூட ஓடல. அதையும் திரும்ப எழுதி முடிச்சா, இன்னொருத்தருக்கு விலை கம்மியா எஸ்டிஎம்32-ல வேணும். மூணாவது தடவையா அதே டிஸ்ப்ளேக்கு அதே கட்டளைகளை டைப் பண்ணிட்டு இருக்கும்போதுதான் எனக்கே கடுப்பாகி உக்காந்து யோசிச்சேன். டிஸ்ப்ளேக்கு கட்டளை அனுப்புற கோடுதான் டிரைவர், அத ஒரே தடவை எழுதி எல்லா போர்டுலயும் எப்படி ஓட விடுறதுங்கிற அந்த யோசனையத்தான் இங்க படிப்படியா எழுதுறேன். சி லாங்குவேஜ் கொஞ்சம் தெரிஞ்சா போதும்.

எண்ணெல்லாம் டெசிமல்லயே குடுக்குறேன், டேட்டாஷீட்ல ஹெக்ஸ்ல இருக்கும், மாத்திப் பாத்துக்கங்க.

படி 1: நோட்ல நடுவுல ஒரு கோடு போடுங்க

நெசமாவே பேப்பர் நோட்டுதான். இடது பக்கம் சிப்போட சமாச்சாரம், வலது பக்கம் போர்டோட சமாச்சாரம். நம்ம டிஸ்ப்ளேல இருக்குற சிப் எஸ்எஸ்டி1306. 128 அகலம் 64 உயரம், மெமரி 1024 பைட், 8 பேஜா (8 புள்ளி உயரப் பட்டை) பிரிச்சிருக்கும். சார்ஜ் பம்ப் (டிஸ்ப்ளேக்கு வேண்டிய வோல்டேஜ சிப்புக்குள்ளயே ஏத்துறது) ஆன் பண்ண 141, அடுத்து 20. டிஸ்ப்ளே ஆன் பண்ண 175, ஆஃப் பண்ண 174. இதெல்லாம் எந்த போர்டுல மாட்டுனாலும் மாறாது, அதனால இடது பக்கம். ஐடூசில (போர்டையும் டிஸ்ப்ளேயையும் ரெண்டு வயர்ல பேச வைக்கிற முறை) பைட்ட எந்த ஃபங்ஷன் அனுப்புது, எவ்ளோ ஸ்பீடு, எப்படி காத்திருக்குறது, இதெல்லாம் வலது பக்கம்.

தங்கச்சிமடத்துல இருந்து ஐஸ் போட்டு நண்டு ஏத்துற தெர்மாகோல் பொட்டி எந்த லாரில போறோம்னு கேக்குறதில்ல பாருங்க, டிரைவரும் அப்படித்தான் இருக்கணும். எழுதி முடிச்சதும் வலது பக்கத்த எண்ணிப் பாருங்க. எனக்கு அஞ்சே அஞ்சு வரிதான் வந்துச்சு, இதுக்காடா மூணு தடவை எழுதுனோம்னு ஆயிடுச்சு.

படி 2: அந்த அஞ்சையும் ஒரு ஸ்ட்ரக்ட்ல போடுங்க

அனுப்பு(கைப்பிடி, கட்டளையா_டேட்டாவா, பைட்டுகள், நீளம்)
காத்திரு(கைப்பிடி, மில்லிசெகண்ட்)
ரீசெட்(கைப்பிடி, மேலா_கீழா)
அதிகபட்சம்
கைப்பிடி

முதல் மூணும் ஃபங்ஷன் பாயிண்டர். அதிகபட்சம்னா ஒரே தடவைல எத்தனை பைட் தள்ளலாம்ங்கிற எண். கைப்பிடிங்கிறது சும்மா ஒரு வாய்ட் பாயிண்டர், உள்ள என்ன இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ராஸ்பெர்ரி பை மாதிரி லினக்ஸ் போர்டுல அதுக்குள்ள ஃபைல் நம்பர் இருக்கும், எஸ்டிஎம்32-ல ஐடூசி ஹேண்டில் இருக்கும். இத குளோபல் வேரியபிளா வச்சா என்னனு கேப்பீங்க, நானும் அப்படித்தான் வச்சேன், ஒரே போர்டுல ரெண்டு டிஸ்ப்ளே மாட்டுன அன்னிக்கு ரெண்டுலயும் ஒரே படம் வந்துச்சு.

அனுப்புறதுல கட்டளையா டேட்டாவான்னு தனியா ஏன் கேக்குறோம்னா, ஐடூசில கட்டளைக்கு முன்னாடி 0-ன்னு ஒரு பைட்டும் டேட்டாக்கு முன்னாடி 64-ன்னு ஒரு பைட்டும் போகணும், ஆனா அதே சிப்ப எஸ்பிஐல (இன்னொரு இணைப்பு முறை) மாட்டுனா அந்த பைட்டே கிடையாது, பதிலா தனியா ஒரு பின்ன மேலயும் கீழயும் ஆட்டணும் (மூணு வயர் மோடு வேற கதை, விடுங்க). அதனால டிரைவர் "இது கட்டளை, இது டேட்டா"ன்னு மட்டும் சொல்லட்டும், அத எப்படி சொல்றதுங்கிறது போர்டு பக்கத்து வேலை.

ரீசெட் பின் இல்லாத நாலு பின் மாட்யூலா இருந்தா அந்த இடத்த காலியா விடுங்க, டிரைவர் காலியான்னு பாத்துட்டு தாண்டிப் போயிடணும்.

படி 3: டிரைவர் ஃபைல எழுதுங்க

இது சுருக்கமான படி. ஆரம்பிக்கிற கட்டளைகள ஒரு பைட் டேபிளா போட்டு லூப்ல அனுப்புங்க, அப்புறம் முழு படமும் இருக்குற 1024 பைட் ஃப்ரேம்பஃபர அதிகபட்சத்துக்கு ஏத்த மாதிரி துண்டு துண்டா அனுப்புங்க. சிப்ப ஹரிசாண்டல் மோடுல வச்சா (32, அடுத்து 0) அதுவே அடுத்தடுத்த இடத்துக்கு நகந்துக்கும், துண்டா போனாலும் படம் உடையாது. ஒரே ஒரு கண்டிஷன், இந்த ஃபைல்ல போர்டு சம்பந்தப்பட்ட ஹெடர் ஃபைல் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இருந்தா எங்கயோ கோடு தாண்டிட்டீங்க.

படி 4: போர்டு பக்கம், இங்கதான் குழி எல்லாம்

யூனோ: ஆர்டுயினோல ஐடூசிக்கு இருக்குற வயர் லைப்ரரியோட பஃபர் 32 பைட்தான். முன்னாடி போற ஒரு பைட் போக 31. அதுக்கு மேல எழுதுனா எர்ரர் எதுவும் கத்தாது, மிச்சத்த அப்படியே விட்டுரும், படம் கோடு கோடா வரும். அதிகபட்சம்னு ஒரு எண் வச்சதே இதுக்காகத்தான். இன்னொன்னு, யூனோக்கு மொத்த ரேமே 2 கேபி, ஃப்ரேம்பஃபரே பாதிய தின்னுரும். ஸ்பீடும் தானா 100 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும், ஒரு முழு படம் போக செகண்ட்ல பத்துல ஒரு பங்கு ஆகும், 400 ஆக்குனா அதுல கால்வாசி.

எஸ்டிஎம்32: டிஸ்ப்ளேயோட ஐடூசி அட்ரஸ் 60. ஆனா எஸ்டி கம்பெனி குடுக்குற ஹால் லைப்ரரி அத ஒரு பிட் இடது பக்கம் தள்ளி 120-ஆ கேக்கும். மத்த மூணு போர்டுலயும் 60-தான். குழப்பத்துக்குக் குழப்பமா சில மாட்யூல் பின்னாடியே 120-க்கான ஹெக்ஸத்தான் அச்சடிச்சிருப்பான். டிரைவர்ல எப்பவும் 60, தள்ளுற வேலை எஸ்டிஎம் ஃபைலுக்குள்ள, இத மட்டும் பிடிவாதமா வச்சுக்கங்க.

இஎஸ்பி32: இது என்னய ஒரு ராத்திரி தூங்க விடல. இஎஸ்பி-ஐடிஎஃப்ல (இஎஸ்பி32-க்கு கோடு எழுதுற கிட்) காத்திருக்குறது டிக் கணக்கு, மாத்தாம விட்டா செகண்டுக்கு 100 டிக், அதாவது ஒரு டிக் 10 மில்லிசெகண்ட். நீங்க 5 மில்லிசெகண்ட் காத்திருன்னு சொன்னா அது வகுத்துப் பாத்து 0 டிக்னு எடுத்துக்கிட்டு காத்திருக்காமலே போயிரும். ஓஎல்இடில இது எனக்குத் தெரியவே இல்ல. ஐஎல்ஐ9341 கலர் டிஸ்ப்ளே மாட்டுனப்பதான் மாட்டுனேன், அந்த சிப்ப தூக்கத்துல இருந்து எழுப்புற கட்டளைக்கு அப்புறம் 5 மில்லிசெகண்ட் விட்டுத்தான் அடுத்தது அனுப்பணும்னு டேட்டாஷீட்லயே இருக்கு. நாலு தடவை ஆன் பண்ணா ஒரு தடவை வெள்ளை ஸ்க்ரீன். யூனோல அதே டிரைவர் ஜம்முனு ஓடுது, அப்ப தப்பு டிரைவர்ல இல்ல, காத்திருக்குறதுலன்னு புரிய விடிஞ்சிருச்சு. அதனால காத்திருக்குறதுக்கு ரூல் இதுதான்: சொன்ன நேரத்துக்கு கூட ஆகலாம், குறையவே கூடாது. டிக்க மேல் பக்கமா ரவுண்ட் பண்ணி ஒண்ணு கூட்டிக்கங்க.

ராஸ்பெர்ரி பை: ஐடூசி டிவைஸ் ஃபைல ஓப்பன் பண்ணி, அட்ரஸ் சொல்லி, ரைட் பண்ணா முடிஞ்சது. நாலுலயும் இதுதான் ஈசி.

படி 5: உப்புக்காத்து படி

முதல்ல செஞ்ச யூனோ பொட்டிய ஜூன்ல மாட்டுனேன், கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சு மூணு வாரத்துல அண்ணன் திரும்ப கொண்டு வந்துட்டாரு. "தம்பி, நேத்து காலைல காட்டுன வோல்ட்டயே இன்னும் காட்டுதுப்பா, பேட்டரி செத்தே போச்சு." தொறந்து பாத்தா எஸ்டிஏ பின்ல (ஐடூசில டேட்டா போற பின்) பச்சையா களிம்பு ஏறி, தொட்டா உதிருது. களிம்பு உப்போட வேலை, ஆனா பொட்டி மொத்தமா நின்னது என் வேலை, ஏன்னா அனுப்புற ஃபங்ஷன் பதில் வராம அங்கயே தொங்கிட்டு இருந்துச்சு, வயர் லைப்ரரில டைம்அவுட் இருக்கு, நாமளா ஆன் பண்ணணும், நான் பண்ணல.

அதனால அனுப்பு எப்பவும் போச்சா போகலையான்னு ஒரு எண் திருப்பிக் குடுக்கணும், எந்த போர்டா இருந்தாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள குடுக்கணும். போகலைனா டிரைவர் தன்ன "ஆரம்பிக்கல"ன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அடுத்த சுத்துல ஆரம்பக் கட்டளைகள்ல இருந்து திரும்பத் தொடங்கணும். வெறும் படத்த மட்டும் திரும்ப அனுப்பாதீங்க, கரண்ட் விட்டு வந்திருந்தா சிப் எல்லா செட்டிங்கையும் மறந்திருக்கும். பின்னுக்கு கோட்டிங் ஸ்ப்ரேயும் அடிச்சேன், அது இல்லாம நம்ம ஊர்ல எதுவும் நிக்காது.

படி 6: அஞ்சாவது போர்டு, அது போர்டே இல்ல

லேப்டாப்ல ஓடுற ஒரு போலி போர்டு எழுதுங்க. அனுப்புறத ஒரு அரேல சேத்து வச்சுட்டு, டெர்மினல்ல புள்ளியும் நட்சத்திரமுமா வரையணும், அவ்ளோதான். கடைல கரண்ட் இல்லாத நேரத்துல நான் பாதி டிரைவர இப்படித்தான் சரி பண்ணேன்.

டெஸ்டுக்கு 'ட' எழுத்து சூப்பர். இந்த சிப்ல ஒரு பைட்னா மேல இருந்து கீழ 8 புள்ளி, கடைசி பிட் (மதிப்பு 1 உள்ளது) மேல் புள்ளி. அதனால 'ட'க்கு முதல் பைட் 255, அது நட்டக்குத்தா நிக்கிற கோடு. அடுத்து ஏழு தடவை 128, அது கீழ படுத்த கோடு. பிட் வரிசைய தலைகீழா எடுத்திருந்தீங்கன்னா படுத்த கோடு மேல போய் ஒட்டிக்கும், பாத்ததுமே தெரிஞ்சிடும்.

பிரிச்சது சரியான்னு பாக்க இன்னொரு வழி, கடைல 1.3 இன்ச் மாட்யூல் வாங்குங்க. அதுல பெரும்பாலும் எஸ்ஹெச்1106 சிப் இருக்கும், மெமரி 132 காலம், படம் ரெண்டு புள்ளி தள்ளித் தொடங்கும், ஹரிசாண்டல் மோடும் கிடையாது. அத சேக்குறதுக்கு இடது பக்கத்து ஃபைல மட்டும் தொட்டா போதும்னா பாஸ். போர்டு ஃபைல்ல கை வைக்க வேண்டி வந்தா படி 1-க்கு போங்க.

பெரிய கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். கோர்பூட்ல (பயாஸுக்குப் பதிலா போடுற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்) இன்டெல் கிராஃபிக்ஸ ஆன் பண்ற லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட், ஏடா லாங்குவேஜோட ஸ்பார்க் வடிவத்துல எழுதுனது, டைமர் ரெஜிஸ்டர் சமாச்சாரத்த எல்லாம் லிப்ஹெச்டபிள்யூபேஸ்னு தனியா கீழ தள்ளி வச்சிருக்காங்க. நம்ம நோட்ல போட்ட அதே கோடு.

எழுதுற வரிசை: முதல்ல போலி போர்டு, அதுல 'ட' வந்ததும் யூனோ, ஏன்னா 31 பைட் துண்டுல ஓடிருச்சுன்னா மத்த எதுலயும் துண்டு அளவுல பிரச்சனை வராது. அப்புறம் உங்க இஷ்டம். எனக்கு கடைசியா எஸ்டிஎம் ஃபைல் எழுத ஒரு டீ ஆறுற நேரம்தான் ஆச்சு, அதுலயும் பாதி நேரம் அந்த 120-ஐ மறந்துட்டுத் தேடுனது.