குழந்தைகளுக்குத் தக்காளியைப் பழக்கும் முறை

ஆந்திரத்தின் குப்பம், பலமநேர் ஊர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தக்காளி புதிதன்று. மதனப்பள்ளிச் சந்தைக்கு அது வண்டி வண்டியாகப் போவதைப் பார்த்தே இங்குக் குழந்தைகள் வளர்கிறார்கள். ஆயினும் ரசத்தில் மிதக்கும் தோலைக் கண்டதும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

ஆகவே தோலிலிருந்தே தொடங்குங்கள். பழத்தின் அடியில் கூட்டல் குறி போலக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் இட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் சுருண்டு, இழுத்ததும் கையோடு வந்துவிடும். ஆறிய பின் உரிக்கும் வேலையைக் குழந்தையிடமே விடலாம். உரித்ததை மசித்து, நல்லெண்ணெயில் பூண்டுடன் சுருள வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். எண்ணெயில் வெந்தால் லைகோபீன் என்னும் சிவப்பு நிறமியை உடல் எளிதாக ஏற்கும்.

பச்சையாகத் தருவதானால், நாட்டுத் தக்காளியின் புளிப்பைக் காட்டிலும் நன்கு பழுத்த பெங்களூர்த் தக்காளியே முதலில் பிடிக்கும் என்பது என் எண்ணம். குளிர்பெட்டியில் வைத்த பழம் மணம் குன்றிவிடுவதால், அதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. செர்ரித் தக்காளி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நான்காக வெட்டியே தர வேண்டும். வாயைச் சுற்றிச் சிவப்பது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல்தான். உதடு வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடும் கோடையில், வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது, பூ உதிர்ந்து காய்ப்புக் குறையும், விலையும் ஏறும். அப்போது தக்காளியை வற்புறுத்தாமல் கிளிமூக்கு மாங்காய்ப் பருப்புக்கு மாறுங்கள். ஐப்பசியில் சீத்தாப்பழம், விதை நீக்கி.