இறக்கச் சொன்னால் ஏறிய பெட்டி: பலூன் வின்ச் சிக்கல்

20 கி.மீ. உயரத்தில் பலூனிலிருந்து 6 கிலோ கருவிப்பெட்டியை வின்ச் (மோட்டார் சுழற்றும் கயிற்று உருளை) மூலம் 300 மீட்டர் கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கயிறு 1 மி.மீ. டைனீமா (மிக வலுவான செயற்கை இழை). (2019-ல் செஷல்ஸிலிருந்து ஏவிய ஸ்ட்ராட்டியோல்-2 என்ற வளிமண்டல ஆய்வுத் திட்டப் பலூன்களில் ஒன்றில் 2 கி.மீ. வரை இறக்கும் கருவியே இருந்தது.)

180 மீட்டர் வரை ஒழுங்காக இறங்கியது. அதன்பின் உருளையின் சுற்றுகளை எண்ணும் கருவி "இறங்குகிறது" என்கிறது, பெட்டியின் ஜிபிஎஸ்ஸோ உயரம் கூடுவதாகக் காட்டுகிறது.

முதலில் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகித்து மாற்றினோம். பலனில்லை. குளிரில் கிரீஸ் இறுகியிருக்கலாம் என்று குளிர்ச் சோதனைப் பெட்டகத்தில் மைனஸ் 60 டிகிரியில் வின்ச்சை ஓட்டினோம், மோட்டார் சுகமாகச் சுற்றியது. கோபுரச் சோதனையிலும் குறையில்லை. ஆனால் அதன் உயரம் 20 மீட்டர்தான், உள்சுற்றுகள் வெளியே வரவே இல்லை.

துப்பு கொடுத்தது மோட்டார் மின்னோட்டத்தின் குறி. இறங்கும்போது எடையே உருளையைச் சுற்றுவதால் மோட்டார் பிரேக்காகி எதிர்க்குறி காட்டும். 180 மீட்டரில் அது நேர்க்குறியானது. அதாவது மோட்டார் எடையைத் தூக்குகிறது!

தளர்வாகச் சுற்றிய உள் அடுக்குகளுக்குள் பாரம் தாங்கிய மேல் சுற்று புதைந்து சிக்கியிருந்தது. உருளை தொடர்ந்து சுழல, கயிறு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டது.

தீர்வு: கயிறு முழுவதையும் அவிழ்த்து, 70 நியூட்டன் இழுவிசையில், அதாவது பெட்டியின் எடைக்குச் சற்று மேலே, திரும்பச் சுற்றினோம். டைனீமா வழுக்கும் என்பதால் அடி அடுக்குக்குக் கீழே துணி டேப். இறக்கும்போது மின்னோட்டம் நேர்க்குறியானால் உடனே நிறுத்தும்படி மென்பொருளிலும் ஒரு வரி சேர்த்தாயிற்று. அடுத்த பறப்பில் 300 மீட்டரும் இறங்கி ஏறியது. அப்பாடா.